சட்டியில் போகாத நஞ்சு

மட்டியோ சிப்பியோ வாங்கும்போது நாம் பார்ப்பது அது உயிரோடிருக்கிறதா என்பதைத்தான். ஓடு இறுக மூடியிருக்க வேண்டும். லேசாகத் திறந்திருந்தால் தட்டியதும் மூடிக்கொள்ள வேண்டும். முகர்ந்தால் கடல் வாசம் தவிர வேறு வாடை வரக் கூடாது. கொதிக்கும்போது வாய் திறக்காததை எடுத்து எறிந்துவிட வேண்டும். வீட்டுக்கு வீடு கைமாறி வந்த இந்தச் சோதனைகள் நல்லவை, கைவிடக் கூடாதவை. செத்து நாறும் சரக்கிலிருந்தும் அதில் பெருகும் கிருமிகளிலிருந்தும் அவை நம்மைக் காப்பாற்றுகின்றன. ஆனால் இந்த அத்தியாயம் பேசும் நஞ்சு அழுகலால் வருவதில்லை. உயிரோடு, கொழுத்து, நல்ல சுவையோடு இருக்கும் சிப்பியிலேயே அது இருக்கும். கண், மூக்கு, நாக்கு, அடுப்பு, ஊர் வழக்கம் என்று உணவைப் பற்றி நாம் நம்பியிருக்கும் எல்லாக் காவலையும் அது தாண்டி வந்துவிடும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் ‘இது புதுசா?’ என்று கேட்பதால் பயனில்லை. ‘இது எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது, அந்தத் தண்ணீரை யார் சோதித்தார்கள்?’ என்று கேட்க வேண்டும். ஏன் அப்படி என்பதைச் சற்று விரிவாகப் பார்த்தால்தான், பின்னால் சொல்லப்போகும் நடைமுறைகள் வெறும் பயமுறுத்தலாகத் தோன்றாது.

இரட்டை ஓடு உள்ள உயிர்களில் மிகப் பெரும்பாலானவை வடிகட்டித் தின்பவை. மட்டி, ஆளி, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி எதுவானாலும் ஓட்டைக் கொஞ்சம் திறந்து, கடல்நீரை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் விடும். செவுளில் படியும் நுண்பாசிகளே அதன் தீனி. நன்கு வளர்ந்த ஒரு சிப்பி ஒரு மணி நேரத்தில் சில லிட்டர் தண்ணீரை இப்படி வடித்துவிடும். கடலில் ஆயிரக்கணக்கான வகை நுண்பாசிகள் உண்டு. மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. கடலின் உணவுச் சங்கிலியே அவற்றின்மேல்தான் நிற்கிறது. அலெக்ஸாண்டிரியம், ஜிம்னோடினியம், பைரோடினியம் போன்ற ஒருசில இனங்கள் மட்டும் சாக்ஸிடாக்ஸின் என்ற நஞ்சையும் அதன் உறவு நஞ்சுகளையும் உண்டாக்குகின்றன. சிப்பிக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. தின்னத் தின்ன அதன் சதையில், குறிப்பாகச் செரிமான உறுப்பில், நஞ்சு சேர்ந்துகொண்டே போகும். மனிதருக்கோ அது வேறு கதை. நரம்பில் செய்தி ஓட வேண்டுமானால் சோடியம் அயனிகள் நுழைவதற்கான வாயில்கள் திறக்க வேண்டும். சாக்ஸிடாக்ஸின் அந்த வாயிலில் போய் அடைத்துக்கொள்கிறது. தசைக்குக் கட்டளை போகாது. மூச்சுத் தசைக்கும் போகாது. ஒரு வளர்ந்த ஆளைக் கொல்லப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 1 முதல் 4 மில்லிகிராம். ஒரு கல்லுப்பை நுணுக்கினால் கிடைக்கும் துகளில் ஒன்றிரண்டின் எடை அவ்வளவுதான்.

இது எங்கோ குளிர்நாட்டுக் கடலின் சங்கதி என்று எண்ணிக்கொள்வது தவறு. 1981இல் தமிழ்நாட்டின் வாயலூரில் மட்டி தின்றவர்களில் 3 பேர் இறந்தார்கள், 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கழிமுகங்களில் கையால் தடவி எடுக்கிற, நமக்கு மிகப் பழக்கமான மட்டி இனம்தான் அது. 1983இல் மங்களூர்ப் பகுதியில் இதேபோன்ற நச்சுப்பாதிப்பு பதிவானது. 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்சத்தில் பாறைச் சிப்பி தின்று 7 பேர் இறந்தார்கள். சுமார் 500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தப் பழுப்புச் சிப்பி விழிஞ்சத்தோடு நின்றுவிடுவதில்லை. குளச்சல், முட்டம், கடியபட்டணம் வரை அதே பாறை, அதே சிப்பி, மூழ்கி எடுக்கும் அதே தொழில். மாநில எல்லை கரையில்தான் இருக்கிறது, கடலில் இல்லை. மூன்று சம்பவங்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான், இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் அடிக்கடி நடக்காததாலேயே கரையோர மருத்துவமனைகளுக்கும் குடும்பங்களுக்கும் இதன் அடையாளம் மனதில் பதியாமல் போகிறது. ஒருவருக்கோ இருவருக்கோ வந்து போனால் அது ‘ஒவ்வாமை’ என்றோ ‘ஃபுட் பாய்சன்’ என்றோ எழுதப்பட்டு முடிந்துவிடும். ஊரே ஒரே நாளில் விழும்போதுதான் கணக்கில் ஏறுகிறது.

முதலில் எழும் மறுப்பு சமையலைப் பற்றியது. நாம் சிப்பியைப் பச்சையாகத் தின்பவர்கள் அல்ல. மஞ்சள் போட்டு அவித்து, இஞ்சி பூண்டு மிளகு சேர்த்து, புளி ஊற்றிக் குழம்பு கொதித்துச் சுண்டும் வரை அடுப்பில் வைப்பவர்கள். இதைத் தாண்டி எந்த நஞ்சு பிழைக்கும்? கிருமியைப் பற்றியதானால் இந்தக் கேள்வி நியாயம். கிருமி உயிர், சூடு அதைக் கொல்லும். சாக்ஸிடாக்ஸின் உயிரல்ல, ஒரு வேதிப்பொருள். சமையலறையின் சூட்டில் அது சிதைவதில்லை. சொல்லப்போனால் இதற்கான சான்று பரிசோதனைக்கூடத்திலேயே இருக்கிறது. சிப்பியில் இந்த நஞ்சு எவ்வளவு உள்ளது என்று பார்க்கப் பல பத்தாண்டுகளாக உலகம் முழுதும் கைக்கொண்ட முறை இது: 100 கிராம் சதையை அரைத்து, அதே அளவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, 5 நிமிடம் கொதிக்க வைப்பார்கள். ஆற வைத்துத் தெளிந்த சாற்றில் 1 மில்லிலிட்டரைச் சுமார் 20 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு ஊசியில் ஏற்றி, அது சாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார்கள். அந்த நேரத்தைக் கொண்டுதான் நஞ்சின் அளவைக் கணக்கிடுவார்கள். அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைப்பது நஞ்சை அழிக்க அல்ல, சதையிலிருந்து அதைச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க. அமிலச் சூழலில் சாக்ஸிடாக்ஸின் இன்னும் உறுதியாக நிற்கும். உறவு நஞ்சுகளில் வீரியம் குறைந்த சில, அமிலத்தோடு சூடுபடும்போது வீரியம் கூடிய வடிவத்துக்கு மாறுவதும் உண்டு. நம் புளிக்குழம்பும் அமிலச் சூழல்தான். புளி நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமே இல்லை.

அவித்தால் சதையில் உள்ள அளவு ஓரளவு குறையும் என்பது மெய். ஆனால் குறைந்த அளவு எங்கே போகிறது? தண்ணீரில் கரையும் நஞ்சு ஆதலால் அவித்த நீரில்தான் இறங்குகிறது. அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சதையை மட்டும் எடுத்தாலும் மிச்சம் போதுமான கேட்டைச் செய்யலாம். நாமோ அந்த நீரைத்தான் சத்து என்று சாறாகக் குடிக்கிறோம், குழம்பில் ஊற்றுகிறோம், சதையை மெல்ல முடியாத சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கிண்ணத்தில் கொடுக்கிறோம். 1987இல் குவாத்தமாலாவின் பசிபிக் கரையில் மட்டிச் சாறு குடித்து 187 பேர் பாதிக்கப்பட்டு 26 பேர் இறந்தபோது, சாவு விகிதம் சிறு குழந்தைகளிடையே பெரியவர்களைவிடப் பல மடங்கு இருந்தது. உடல் எடை குறைந்தால் அதே கரண்டிச் சாறு பெரிய நஞ்சளவாகிவிடுகிறது. இன்னும் பழைய சான்றும் உண்டு. 1793இல் கனடாவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்த கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் காலைச் சாப்பாட்டுக்குச் சிப்பிகளை நெருப்பில் வாட்டித் தின்றார்கள். ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்று மதியமே இறந்துபோனார். அந்த இடத்துக்கு வான்கூவர் ‘நச்சுக்குடா’ என்ற பொருளில் பெயர் வைத்தார். நெருப்பு அன்றும் காப்பாற்றவில்லை.

சமையலுக்கு வெளியே சொல்லப்படும் உபாயங்களுக்கும் இதே பதில்தான். ஓரிரவு நல்ல தண்ணீரில் போட்டு வைத்தால் மட்டி மண்ணைக் கக்கும், நஞ்சைக் கக்காது. சுத்தமான கடல்நீரில் வைத்துக் கிருமி நீக்கும் தொட்டிகளும் இந்த நஞ்சை நம்பும்படி நீக்குவதில்லை. கடலிலேயே பாசி ஓய்ந்த பிறகு சிப்பி சில வாரங்களில் தெளிந்துவிடலாம். வட அமெரிக்கக் கரையின் ஒரு வகை மட்டி இரண்டாண்டு வரைகூட நஞ்சை வைத்திருக்கிறது. ஃபிரீசரில் உறைய வைப்பது நஞ்சையும் பத்திரமாக உறைய வைக்கிறது. பூனைக்கு ஒரு துண்டு போட்டுப் பார்க்கலாம் என்பார்கள். பூனை வாந்தி எடுத்துப் பிழைத்துவிடலாம். நீங்கள் போட்ட சிப்பியில் குறைவாகவும் நீங்கள் தின்ற சிப்பியில் அதிகமாகவும் இருக்கலாம். ஒரே பாறையில் அருகருகே இருந்த இரு சிப்பிகளுக்கு இடையிலேயே பெரிய வித்தியாசம் உண்டு. அதனால்தான் சோதனைக்கூடமும் ஒரு சிப்பியைப் பார்க்காமல் பல சிப்பிகளைச் சேர்த்து அரைக்கிறது.

அடுத்த மறுப்பு கடலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பது. கடல் சிவந்தாலோ பச்சையானாலோ ஒதுங்கிவிடுவோம், தெளிவாக இருந்தால் எடுப்போம் என்ற கணக்கு. இது பாதி உண்மை என்பதாலேயே ஆபத்தானது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலை நீலமாக மின்னியதைக் காணக் கூட்டம் கூடியது. அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின, பவளங்களும் பாதிக்கப்பட்டன. இரண்டுக்கும் காரணம் நாக்டிலூகா என்ற உயிர். மண்டபம், பாம்பன் பக்கம் இப்படிப் பச்சை படர்வதைப் பூங்கோரை என்கிறார்கள். நாக்டிலூகா மீனைக் கொல்வது தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைத்தும் அமோனியாவை விட்டும்தான். மூச்சை நிறுத்தும் சாக்ஸிடாக்ஸினை அது உண்டாக்குவதில்லை. அதாவது ஊரே பார்த்த, செய்தித்தாளில் படம் வந்த நிறமாற்றம் இந்த நஞ்சின் அடையாளம் அல்ல. மறுபக்கம், கடல் நிறம் மாற வேண்டுமானால் ஒரு லிட்டரில் லட்சக்கணக்கில் செல்கள் பெருக வேண்டும். நச்சினங்களில் சில லிட்டருக்குச் சில நூறு செல்கள் என்ற அளவில் இருந்தாலே சிப்பியின் சதை வரம்பைத் தாண்டிவிடும். அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் அள்ளி வெயிலில் பிடித்தாலும் பளிங்காகத்தான் இருக்கும். ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பாசிப் பெருக்கத்தைப் பற்றித் தகவல் தருகிறது. மீனவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அது மிகவும் பயன்படும் வேலை. ஆனாலும் செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் நிறத்தை, சிப்பியின் சதையை அல்ல. நிறம் மாறினால் ஒதுங்குங்கள், சந்தேகமே வேண்டாம். மாறாவிட்டால் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு, ‘பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தின்கிறோம்’ என்பது. இதை அறியாமை என்று தள்ளுபவர்கள் கரையோர மக்களின் அறிவை அளந்து பார்க்காதவர்கள். பேத்தை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நஞ்சான டெட்ரோடாக்ஸினும் நரம்பின் அதே சோடியம் வாயிலைத்தான் அடைக்கிறது. ஆனாலும் நம் கரையில் பேத்தையால் சாவது அரிது. வலையில் விழுந்தால் அதை எடுத்துத் தூர எறிய வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். ஏன் அந்த அறிவு வேலை செய்கிறது? பேத்தையின் நஞ்சு பேத்தையோடு ஒட்டியிருக்கிறது. உருவத்தைப் பார்த்தால் நஞ்சு தெரிந்துவிடும். ஒருமுறை பட்ட அனுபவம் அடுத்த தலைமுறைக்கும் செல்லுபடியாகும். சிப்பியில் அப்படி இல்லை. நஞ்சு அதன் உடைமையல்ல, வந்து போகும் விருந்தாளி. பத்து வருடம் வராமலிருக்கும், ஒரு வாரத்தில் வரம்பைத் தாண்டி உயரும், ஒரு மாதத்தில் போய்விடும். நேற்று எடுத்த அதே பாறையில் இன்று எடுக்கும் சிப்பி உருவிலும் சுவையிலும் மாறாமல் இருக்கும். அனுபவம் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே ஏதாவது ஒரு அடையாளம் கண்ணில் பட வேண்டும். இங்கே அது இல்லை. ஆயிரம் முறை தின்று ஒன்றும் ஆகாதது அந்த ஆயிரம் முறையும் நஞ்சு இல்லாமலிருந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது; அடுத்த முறையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நச்சுப்பாசிகள் பல, காலம் சரியில்லாதபோது வித்துபோல ஓய்வுநிலைக்குப் போய் அடிச்சேற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கப்பல்கள் நிலைக்காக ஏற்றி இறக்கும் நீரோடு அவை புதிய துறைமுகங்களுக்கும் போய்ச் சேர்கின்றன. பாட்டன் காலத்துக் கழிமுகமும் இன்றையதும் ஒன்றல்ல.

மாதக்கணக்கு பார்த்துத் தப்பலாம் என்ற எண்ணமும் இதன் உடன்பிறப்புதான். கலிபோர்னியாவில் மே 1 முதல் அக்டோபர் 31 வரை பொதுமக்கள் தாங்களே சிப்பி எடுத்துத் தின்னத் தடை உண்டு. அந்த மாதங்களுக்கு வெளியிலும் அங்கே நஞ்சு தலைகாட்டியிருக்கிறது, தனி எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. ஆபத்து எப்போது கூடும் என்பதைத்தான் பருவம் சொல்லும், எப்போது இல்லை என்பதைச் சொல்லாது.

அப்படியானால் சிப்பியும் மட்டியும் வேண்டவே வேண்டாம் என்பதா? இல்லை. ஏழைக் குடும்பத்துக்குக் கைக்கெட்டும் விலையில் இவ்வளவு புரதமும் இரும்பும் தரும் உணவு வேறு அதிகமில்லை. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று மட்டி எடுக்கும் பெண்களுக்கு அதுவே கூலி. தீவனம் போடாமல் வளரும் உயிர் அது. விலக்கச் சொல்வது அந்தப் பெண்களின் வருமானத்தை மட்டும் தண்டிக்கும். நஞ்சு வந்து போவதைத் தடுக்காது. செய்ய வேண்டியது வேறு, அது செய்து காட்டப்பட்டதும்கூட. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்க்கப்பட்ட சிப்பியைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் வாந்தியும் குழப்பமும் நினைவிழப்புமாக மருத்துவமனைக்கு வந்தார்கள்; 3 பேர் இறந்தார்கள், சிலருக்கு நினைவாற்றல் திரும்பவே இல்லை. வழக்கமான சுண்டெலிச் சோதனையில் எலிகள் பின்னங்காலால் தோளைச் சொறிந்துகொண்டே இருந்தன. சாக்ஸிடாக்ஸினில் அப்படி நடக்காது. அந்தச் சின்ன வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு போன ஆய்வாளர்கள் சில நாட்களிலேயே அது டோமோயிக் அமிலம் என்று கண்டார்கள். அதை உண்டாக்கிய நுண்பாசியையும் கண்டார்கள். அதன் பிறகு ஒரு கிலோ சதையில் 20 மில்லிகிராம் என்ற வரம்பு வந்தது, பண்ணைகள் தொடர்ந்து சோதிக்கப்பட்டன. சிப்பித் தொழில் அழியவில்லை. அந்தத் தீவு இன்றும் சிப்பிக்குப் பேர்போனதுதான். கண்காணிப்பு உள்ள நாடுகளில் இப்போது நேரும் பாதிப்புகள் பெரும்பாலும் சோதனைக்கு உட்படாத கரையில் தாங்களே எடுத்துத் தின்றவர்களுக்கு நேர்பவை.

அதெல்லாம் பணக்கார நாடுகளுக்குச் சரி, நமக்குக் கட்டுபடியாகுமா என்றால், பிலிப்பைன்ஸைப் பார்க்கலாம். 1983இல் முதல்முறை பெரிய அளவில் அடிபட்ட நாடு அது. அதற்குப் பிறகான இருபதாண்டுகளில் 2000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று அங்கே மீன்வளத் துறை எந்தெந்த வளைகுடாவின் சிப்பியைத் தின்னக் கூடாது என்று ஊர்ப் பெயரோடு அறிக்கை விடுகிறது. சோதனை தெளிந்ததும் தடையை நீக்குகிறது. நம்மிடமும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் சாக்ஸிடாக்ஸின் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட வரம்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இவ்வகை நஞ்சுகளுக்கு வரம்பு வகுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் சிப்பியென்றால் அது எடுக்கப்படும் நீர்ப்பரப்பையே கண்காணிக்க வேண்டும். அந்தச் சல்லடை உள்ளூர்ச் சந்தையில் கூடையில் வரும் மட்டிக்கும் வர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஒவ்வொரு கூடையையும் சோதிக்க வேண்டியதில்லை. ஒரு கழிமுகத்துக்கு ஓரிரு இடம், பருவத்தில் வாரம் ஒருமுறை, வேகமாக நஞ்சை ஏற்றிக்கொள்ளும் சிப்பியைக் காவல் உயிராக வைத்துப் பார்த்தால் போதும். வரம்பை நெருங்கினால் தண்டோராவோ வாட்ஸாப்போ எதுவானாலும் சரி, அன்றே ஊருக்குத் தெரிய வேண்டும். தடை விழும் வாரங்களுக்கு மட்டி எடுப்பவர்களுக்கு நிவாரணம் தர வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு தருவது போன்றதுதான் அது. நிவாரணம் இல்லாத தடையை யாரும் மதிக்க மாட்டார்கள், மதிக்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அது வரும்வரை ஒரு குடும்பம் என்ன செய்வது? விற்பவரிடம் எந்த இடத்து மட்டி என்று கேளுங்கள். இடம் சொல்லத் தெரியாத சரக்கை வாங்காதீர்கள். அந்தப் பக்கம் கடல் நிறம் மாறியதாகவோ மீன் செத்து ஒதுங்கியதாகவோ கடந்த சில வாரங்களில் பேச்சு இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சுற்றுலாப் போன இடத்தில், ஊர்க்காரர் யாரும் எடுக்காத பாறையிலிருந்து நீங்களாகப் பெயர்த்துத் தின்னாதீர்கள். அவர்கள் எடுக்காததற்குக் காரணம் இருக்கலாம். அவித்த நீரைக் கொட்டிவிடுங்கள். நஞ்சு வந்த காலத்தில் அது முழுக் காப்பாகாது என்றாலும், குழந்தைகளுக்குச் சாறாகக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. ஒரே வேளையில் தட்டுத் தட்டாகத் தின்னாதீர்கள். மீன், கணவாய், இறால், நண்டு ஆகியவை இவ்வகையில் பொதுவாகக் குறைந்த ஆபத்துடையவை. அவற்றில் நஞ்சு சேர்ந்தாலும் பெரும்பாலும் குடலிலும் உள்ளுறுப்பிலும்தான் சேரும், அவற்றை நீக்கிக் கழுவிச் சமைக்கலாம். குடலோடு சமைக்கும் சிறு மீன்களில்தான் கவனம் வேண்டும். 1991இல் கலிபோர்னியாவின் மான்டெரே வளைகுடாவில் கூழைக்கடாக்கள் கூட்டமாகச் செத்தது, டோமோயிக் அமிலம் ஏறிய பாசியைத் தின்ற நெத்திலியை விழுங்கியதால். பாசி எச்சரிக்கை உள்ள நாட்களில் நெத்திலியைத் தலையும் குடலும் கிள்ளிச் சமையுங்கள். முழுதாகத் தின்னும் கூனி இறாலை அந்த நாட்களில் தவிருங்கள். பிலிப்பைன்ஸின் தடை அறிக்கைகளில் சிப்பியோடு கூனியும் சேர்ந்தே வருகிறது.

தின்ற பிறகு தெரியும் அடையாளத்தை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். சாக்ஸிடாக்ஸினானால் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதட்டிலும் நாக்கிலும் குறுகுறுப்பு தொடங்கும். பிறகு முகம், கழுத்து, விரல்நுனி என்று மதமதப்பு பரவும். தலைவலி, வாந்தி, கை கால் தளர்ச்சி, மிதப்பது போன்ற உணர்வு வரலாம். பேச்சு குழறினாலோ விழுங்க முடியாவிட்டாலோ மூச்சுத் தசை அடுத்தது என்று பொருள். நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ‘நன்றாகத்தான் பேசுகிறார்’ என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான் நடக்கிறது. ஒகடாயிக் அமிலம் போன்ற வேறு நஞ்சுகள் பேதியும் வயிற்று வலியும் தந்து மூன்று நாளில் போய்விடும், உயிரைக் கொல்வதில்லை. டோமோயிக் அமிலத்தில் முதலில் வாந்தி பேதி, பிறகு ஓரிரு நாளில் குழப்பமும் மறதியும். எது என்று வீட்டில் பிரித்தறிய முயல வேண்டாம். சிப்பி தின்றபின் உதடு மதமதத்தால் அதுவே புறப்பட வேண்டிய நேரம். ஒவ்வாமை மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைத் தசை தளர்ந்தவருக்கு வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும். மோர், எண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸை அழையுங்கள். வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள். இந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது, ஆனால் உடல் அதைச் சிறுநீர் வழியே தானாகவே வெளியேற்றிவிடுகிறது. பெரும்பாலான சாவுகள் முதல் 12 மணி நேரத்துக்குள் மூச்சு நின்று நடப்பவை. அதுவரை இயந்திரம் மூச்சு விட வைத்தால் ஆள் பிழைத்து, பெரும்பாலும் குறையொன்றும் இல்லாமல் வீடு திரும்புவார்.

ஒருவரை ஏற்றி அனுப்பியதும் கூடச் சாப்பிட்ட மற்றவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பாத்திரம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தால் அங்கேயும் ஆளனுப்புங்கள், ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்களும் மருத்துவமனைப் பக்கத்திலேயே இருக்கட்டும். மருத்துவரிடம் ‘சிப்பி சாப்பிட்டார், இத்தனை மணிக்கு, உதடு மரத்தது இத்தனை மணிக்கு’ என்று இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள். சட்டியில் மிச்சமிருப்பதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். குழம்பு, சமைக்காத சிப்பி, ஓடு எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் கட்டி, யாரும் தவறி எடுத்துத் தின்னாதபடி எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வையுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ, இலங்கையானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அதை ஒப்படைத்து, எங்கே யாரிடம் வாங்கியது என்பதையும் சொல்லுங்கள். விற்றவரை மாட்டிவிடுவதற்காக அல்ல. அவர் வீட்டிலும் அன்று அதே மட்டிதான் வெந்திருக்கும். அந்தப் பையில் உள்ள சதையைச் சோதித்தால்தான் எந்தக் கழிமுகம், எந்தப் பாறை என்று தெரியும். நாளைக் காலை அங்கே இறங்கவிருப்பவர்களை அன்றிரவே நிறுத்தவும் முடியும்.